கீமோவின் நடுவே கூடிக்கொண்டே போகும் சோர்வு: படுப்பதா, நடப்பதா, ரத்தம் ஏற்றுவதா, டோஸைக் குறைக்கச் சொல்வதா?

மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். முதல் இரண்டு கீமோவுக்குப் பிறகு ஐந்தாறு நாளில் எழுந்து நடமாட முடிந்தது. நாலாவதுக்குப் பிறகு பத்து நாள் ஆகியும் குளிக்கப் போனால் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டியிருக்கிறது. மாமியார் "படுத்துக்கோ" என்கிறார். டாக்டர் "நடங்கம்மா" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

நானும் இதே இடத்தில் நின்றவள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிவப்பு மருந்து என்கிற டாக்ஸோரூபிசின் நான்கு தடவை, அப்புறம் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு தடவை பாக்லிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்து. ஆறு மாதம். தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போய் வருவேன், கூட என் தங்கை. அந்த ஆறு மாதத்தில் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஏதோ ஒரு வரிசையில் செய்து பார்த்தேன். வரிசைதான் தப்பு. அதனால்தான் இந்த ஒப்பீடு.

முதலில், எது சாதாரணம்?

மூன்று வாரச் சுழற்சியில் சோர்வு ஏறி இறங்கும். கீமோ அன்றும் மறுநாளும் பலருக்குத் தெம்பாகவே இருக்கும். வாந்தி வராமல் இருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு செய்கிற வேலை அது. அந்த மாத்திரை நின்றதும் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அடித்துப் போட்டாற்போல ஆகிவிடும். பிறகு மெல்ல ஏறி, அடுத்த கீமோவுக்கு முந்திய வாரம் ஓரளவு சரியாகும். ஆனால் அந்தச் "சரி" ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் கீழே இறங்கும். ஆகவே நாலாவது கீமோவில் முதலாவதைவிட அதிகச் சோர்வு என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்றோ நோய் பரவுகிறது என்றோ பொருள் இல்லை. வாராவாரம் போடுகிற பாக்லிடாக்சலில் எழுந்து உட்கார இடைவெளியே கிடைப்பதில்லை என்பதால் அந்த ஏற்ற இறக்கம்கூடத் தெரியாது, ஒரே சமமான அசதியாக இருக்கும்.

இவை இருந்தால் ஒப்பீடே வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல், குளிர் நடுக்கம், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீக்கம், அதுவும் ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சு வலி, மயக்கம், நிற்காத ரத்தக்கசிவு, ஒரே நாளில் திடீரென்று படுக்கையை விட்டு எழ முடியாமல் போவது. கீமோ போட்ட ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். அப்போது காய்ச்சலுக்கு வீட்டில் பாராசிட்டமால் போட்டு விடியும்வரை பார்ப்பது ஆபத்து. சிவப்பு மருந்தான டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் மூச்சு முட்டலையும் வெறும் அசதி என்று விடக்கூடாது.

எதை வைத்து அளப்பது?

நான் ஐந்து கேள்விகள் வைத்துக்கொள்கிறேன். பலன் எத்தனை நாளில் தெரியும்? அதற்கு நல்ல ஆய்வு ஆதாரம் உண்டா, இல்லை சொல்லக் கேள்விதானா? கீமோ மருந்தோடு மோதுமா? பணம் தவிர வேறென்ன செலவு: யாருடைய நேரம், யாருடைய லீவு? கடைசியாக, பலன் இல்லையென்றால் பழைய இடத்துக்குத் திரும்பி வர முடியுமா?

இவற்றோடு ஒரு அளவுகோலும் வேண்டும். தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில் சோர்வுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். 1 முதல் 3 லேசானது, 4 முதல் 6 நடுத்தரம், 7 முதல் 10 வரை கடுமை. டாக்டர்களும் இதே அளவைத்தான் வைத்திருக்கிறார்கள். "ரொம்ப டயர்டா இருக்கு டாக்டர்" என்றால் தலையாட்டிவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிடுவார்கள். "போன சுழற்சியில் ஏழாம் நாள் 5, இந்தத் தடவை 8" என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். கணக்கு டீச்சர் சொல்கிறேன், நம்புங்கள்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு அட்டவணை முதலில். விவரம் கீழே.

| வழி | பலன் தெரிய | ஆதாரம் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| படுத்து ஓய்வு | அன்றே, ஆனால் நிலைக்காது | நீண்ட ஓய்வுக்கு இல்லை | தசை கரையும், ராத்திரித் தூக்கம் கெடும் | கீமோவுக்குப் பிந்திய மோசமான இரண்டு மூன்று நாள் |
| நடை, லேசான பயிற்சி | சில வாரங்கள் | வலுவானது | துணைக்கு ஆள், ஊர் கண்கள் | பெரும்பாலானவர்களுக்கு |
| காரணம் தேடி ரத்தப் பரிசோதனை, ரத்தம் அல்லது இரும்பு ஏற்றுவது | ரத்தம் ஓரிரு நாள், இரும்பு சில வாரம் | காரணம் இருந்தால் வலுவானது | ஒரு நாள் ஆஸ்பத்திரி, ரத்தம் கொடுக்க ஆள் | ஹீமோகுளோபின் நன்றாக இறங்கியவர்கள் |
| லேகியம், கேப்சூல், டானிக் | பெரும்பாலும் தெரியாது | மெலிந்தது | ஈரல் கோளாறு வந்தால் காரணம் பிரிக்க முடியாது | டாக்டரிடம் காட்டிவிட்டு மட்டும் |
| வேலையைப் பிரித்துக் கொடுப்பது, லீவு | உடனே | ஓரளவு | சம்பளம், குற்ற உணர்வு, இன்னொருத்தரின் முதுகு | எல்லோருக்கும் |
| கீமோவைத் தள்ளுவது, டோஸைக் குறைப்பது | ஒன்றிரண்டு வாரம் | நோயின் கட்டத்தைப் பொறுத்தது | சிகிச்சையின் பலன் குறையலாம் | மற்றதெல்லாம் பார்த்த பிறகு |

வழி 1: படுத்து ஓய்வெடுப்பது

நம் வீடுகளில் உடம்பு முடியாதவருக்குச் செய்கிற முதல் உபசாரம் பாயை விரிப்பது. மூன்றாம் நாள், நாலாம் நாள் அது சரியான உபசாரமும்கூட. அந்த நாட்களில் நடக்கவில்லையே என்று மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம்.

சிக்கல், அந்த இரண்டு மூன்று நாள் பதினாலு நாளாக நீளும்போது. உழைத்துக் களைத்த உடம்பு தூங்கி எழுந்தால் தெளியும். கீமோ அசதி அப்படிப்பட்டதல்ல, எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அப்படியே இருக்கும். படுக்கப் படுக்கத் தொடைத் தசை கரைகிறது. கரைந்த தசையோடு மாடிப்படி ஏறினால் முன்னைவிட மூச்சு வாங்குகிறது. அதனால் இன்னும் படுக்கிறோம். இதற்கிடையில் வாந்தி மாத்திரையால் ஏற்கனவே வந்த மலச்சிக்கல் மோசமாகிறது. புற்றுநோயும் கீமோவும் சேர்ந்து காலில் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டியிருக்கிற நேரத்தில், அசையாமல் கிடப்பது அதையும் கூட்டும்.

பகல் தூக்கம் வேண்டுமென்றால் மூன்று மணிக்கு முன், அரை மணி முதல் முக்கால் மணி வரை, அலாரம் வைத்துக்கொண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தூங்கினால் ராத்திரி இரண்டு மணிக்கு மின்விசிறியை எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ராத்திரி போட்டால் தூக்கம் போகும்.

வழி 2: நடப்பது

நிற்கவே முடியாதவளை நடக்கச் சொல்கிறார்களே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் ஆதாரம் இந்தப் பக்கம்தான் குவிந்திருக்கிறது. 2017இல் 113 ஆய்வுகளை, பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு, புற்றுநோய்ச் சோர்வுக்கு உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் மாத்திரைகளைவிட நன்றாக வேலை செய்வதாகச் சொன்னது. 2024இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், சிகிச்சை நடக்கும்போதே செய்ய வேண்டியவற்றில் உடற்பயிற்சி இருக்கிறது. அதோடு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மனக்கவனப் பயிற்சி, தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி.

எவ்வளவு? வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 30 நிமிடம், மிதமான வேகம் என்பது இலக்கு. அது போய்ச் சேர வேண்டிய ஊர். கிளம்புகிற இடம், கூடத்துக்கும் வாசலுக்கும் ஐந்து நிமிடம். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியாது என்கிற அளவு போதும். ஐந்து நிமிடம் மூன்று நாள் தாங்கினால் ஏழு நிமிடம். கீமோ போட்ட வாரம் மறுபடி ஐந்துக்கு இறங்கிவிடலாம், தப்பில்லை. மறுநாள் மதிப்பெண் இரண்டு புள்ளி ஏறினால் நேற்று அதிகம் நடந்துவிட்டீர்கள் என்று பொருள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்துத் தடவை செய்தால் தொடைக்கும் வேலை ஆயிற்று.

மொட்டைத் தலையோடு தெருவில் நடந்தால் "திருப்பதியா, பழனியா?" என்று நாலு பேர் கேட்பார்கள். விவரம் தெரிந்த ஐந்தாவது ஆள் நிறுத்தி வைத்து, தன் சித்தியின் கேன்சர் கதையை முழுதும் சொல்லி, கடைசியில் "அவங்க போயிட்டாங்க" என்று முடிப்பார். நடையில் போகாத தெம்பு அந்தப் பேச்சில் போய்விடும். நான் மொட்டை மாடிக்கு மாறினேன். விடிகாலை ஐந்தரைக்கு, வெயில் ஏறுவதற்கு முன். தனியாகப் போகக்கூடாது என்பதால் தங்கையும் எழுந்தாக வேண்டும். அவள் தூக்கத்தை நான் செலவழித்தேன் என்பதுதான் உண்மையான கணக்கு.

யாருக்கு இது முதல் வழி அல்ல? ஹீமோகுளோபின் 8க்குக் கீழே, தட்டணுக்கள் மிகக் குறைவு, காய்ச்சல், எலும்புக்குப் பரவிய நோய், இதயக் கோளாறு என்றால் முதலில் டாக்டர் சம்மதம். பாக்லிடாக்சலால் பாதம் மரத்துப் போனவர்கள் வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் நடக்க வேண்டாம், கல் குத்தினாலும் தெரியாது. பின்பட்டை வைத்த செருப்போ ஷூவோ போட்டு, சமதரையில். யோகா தெரிந்தவர்கள் மெதுவான ஆசனங்களும் மூச்சுப் பயிற்சியும் செய்யலாம். குப்புறப் படுப்பது, தலைகீழ் ஆசனங்கள், அறுவை நடந்த பக்கத்துக் கையில் உடம்பின் பாரத்தை ஊன்றுவது ஆகியவற்றை டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

வழி 3: காரணத்தைத் தேடுவது, ரத்தத்தைச் சரிசெய்வது

சோர்வு வழக்கத்தைவிட வேகமாகக் கூடினால் நான் இப்போது முதலில் கேட்பது இதைத்தான். ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால் ரத்தம் எடுக்கிறார்களே, அந்தச் சீட்டுகளை வரிசையாக வைத்து ஹீமோகுளோபினை மட்டும் பாருங்கள். பெண்களுக்கு 12க்குக் கீழே ரத்தசோகை. 11.4, 10.6, 9.5, 8.7 என்று இறங்கிக்கொண்டே வந்தால் சோர்வுக்கு ஒரு கதவு திறந்தாயிற்று.

ஆனால் இறங்குவதற்குக் காரணம் ஒன்றல்ல. கீமோ எலும்பு மஜ்ஜையை அடக்கி வைத்திருப்பது ஒன்று. அதற்கு எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் உடனே ஏறாது, ஆலையே அரை ஷிஃப்ட்டில் ஓடுகிறது. இன்னொன்று முன்பே இருந்த இரும்புக் குறைவு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஆகவே கீமோவுக்கு வந்து சேரும்போதே பலர் கைக்காசு இல்லாமல்தான் வருகிறார்கள். எது என்று பிரித்துக் காட்ட ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற பரிசோதனைகள் உண்டு. இரும்புக் குறைவுதான் என்றால் மாத்திரையோ நரம்பு வழியாக ஏற்றும் இரும்போ பலன் தரும். இல்லையென்றால் இரும்பு மாத்திரை மலச்சிக்கலை மட்டும்தான் தரும்.

ரத்தம் ஏற்றுவது வேகமான வழி. ஒரு யூனிட் சிவப்பணு ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமாராக 1 கிராம் ஏறும். பொதுவாக 7 அல்லது 8க்குக் கீழே இறங்கினால், அல்லது அதற்கு மேலே இருந்தும் மூச்சு வாங்கல், படபடப்பு இருந்தால் ஏற்றுவார்கள். 10 இருக்கும்போது "ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க டாக்டர்" என்று கேட்டால் மறுப்பார்கள், மறுப்பது சரிதான். ஒவ்வாமை முதல் நுரையீரலில் நீர் கோப்பது வரை சிறிய ஆபத்துகள் உண்டு. அதோடு ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரி, பல இடங்களில் பதிலுக்கு ரத்தம் கொடுக்க ஓர் ஆளைக் கூட்டி வரச் சொல்வார்கள்.

எரித்ரோபாயிட்டின் ஊசி பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறுநீரக நோயாளிகளுக்குப் போடுவார்களே, அதுதான். நோயைக் குணப்படுத்தும் நோக்கத்தோடு கீமோ எடுப்பவர்களுக்கு அதைப் போட வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. ரத்த உறைவு ஒரு காரணம், ஆயுள் குறையலாம் என்பது இன்னொன்று.

சுவரொட்டிக்கு வருவோம். அதில் இரும்பு நிறைய, அதுவும் உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும் வகை. சாப்பிடுகிறவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் "லேசா வாட்டிச் சாப்பிட்டாத்தான் சத்து" என்பார்கள், அதை மட்டும் கேட்காதீர்கள். வெள்ளையணு குறைந்திருக்கும்போது அரைவேக்காட்டு இறைச்சி கூடாது, நன்றாக வெந்திருக்க வேண்டும். முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் அது தடைபடும். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதாலேயே ரத்தம் ஊறும் என்று சேர்ந்துகொண்டவை. சாப்பிடுங்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள்.

ரத்தம் சரியாக இருந்தும் சோர்வு கூடினால் அடுத்து கேட்க வேண்டியவை தைராய்டு, சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், பி12, எக்கோ என்ற இதய ஸ்கேன். சர்க்கரையும். ஸ்டீராய்டு சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றும். ஏற்கனவே சர்க்கரை உள்ளவர்களுக்கு 300ஐத் தாண்டுவதும் உண்டு. அந்த அசதியைக் கீமோ அசதி என்று நினைத்து நாட்களைக் கடத்திவிடுவோம்.

யாரும் எளிதில் சந்தேகப்படாத இன்னொரு காரணம், ராத்திரி போடுகிற மாத்திரைகள். வாந்திக்குக் கொடுக்கும் ஓலன்ஸாபின் மறுநாள் மதியம்வரை தூக்கத்தில் போட்டுவிடும். கால் மரத்துப் போவதற்குக் கொடுக்கும் கேபாபென்டினும் பிரிகாபாலினும் அப்படித்தான். மும்பை டாடா நினைவு மருத்துவமனைக் குழுவினர் 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஓலன்ஸாபின் 2.5 மில்லிகிராமே 10 மில்லிகிராமுக்கு ஈடாக வாந்தியைத் தடுத்தது, பகல் தூக்கக்கலக்கமும் குறைவாக இருந்தது. உங்கள் சீட்டில் எவ்வளவு என்று பாருங்கள். நீங்களாகக் குறைக்காதீர்கள், கேளுங்கள்.

வழி 4: லேகியம், கேப்சூல், டானிக்

சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அமெரிக்க ஜின்செங் என்ற வேர், தினம் 2000 மில்லிகிராம், எட்டு வாரம் என்று கொடுத்துப் பார்த்த 2013 ஆய்வில் ஓரளவு பலன் கிடைத்தது. 2024 வழிகாட்டுதல் அதைப் "பரிந்துரைக்கலாம்" என்ற அளவில் வைத்திருக்கிறது. நம் மெடிக்கல் ஷாப்பில் வைட்டமினோடு கலந்து விற்கும் ஜின்செங் கேப்சூல் அது அல்ல. அமுக்கரா (அஸ்வகந்தா) ஈரலைப் பாதித்த நேர்வுகள் பதிவாகியிருக்கின்றன, தைராய்டு அளவையும் அது மாற்றும். பெயர் தெரியாத லேகியங்களில் ஈயமும் பாதரசமும் கண்டெடுக்கப்பட்டதுண்டு. சமையலில் போடும் மிளகும் மஞ்சளும் வேறு, அதையே காய்ச்சி இறுக்கி மாத்திரையாக்கியது வேறு. விழித்திருக்க வைக்கும் மாத்திரைகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே அந்த வழிகாட்டுதல் சொல்கிறது.

இதில் உள்ள பெரிய செலவு டப்பா விலையல்ல. ஈரல் எண்கள் ஏறினால் அது கீமோவாலா லேகியத்தாலா என்று டாக்டரால் பிரிக்க முடியாது. பிரியும்வரை கீமோ தள்ளிப்போகும். ஏற்கனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திட்டுவார்களே என்று மறைக்க வேண்டாம், டப்பாவையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

வழி 5: வேலையைப் பிரித்துக் கொடுப்பது

ஆறு வழிகளில் நம் பெண்கள் கடைசியாகத் தொடுவது இது. மொட்டைத் தலையோடு நாலு பேருக்குத் தோசை வார்த்துவிட்டு "நடக்கத் தெம்பில்லை" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருத்தி நான். தோசைக்குப் போன தெம்புதான் நடைக்கு இல்லாமல் போனது என்று புரிய எனக்கு மூன்று கீமோ ஆயிற்று. ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கையில் எண்ணிக் கொடுத்த காசு போல வைத்துக்கொள்ளுங்கள். குளியல், சமையல், நடை, பிள்ளையின் வீட்டுப்பாடம், போனில் விசாரிப்பவர்களுக்குப் பதில் என்று எல்லாமே அதிலிருந்துதான் போக வேண்டும்.

ஒரு வாரம் எதில் எவ்வளவு போகிறது என்று நோட்டில் குறித்துப் பார்த்தேன். நான் எதிர்பார்க்காத இரண்டு விஷயங்கள் மேலே நின்றன. ஒன்று குளியல்: வெந்நீர் தூக்குவது, குனிவது, துணி அலசுவது. ஸ்டூலும் நீண்ட கைப்பிடிக் குவளையும் அதைப் பாதியாக்கின. இன்னொன்று விருந்தாளிகள். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து இரண்டு மணி நேரம் உட்காருகிறவர்கள் அன்பால்தான் வருகிறார்கள். அவர்கள் போன பிறகு மதிப்பெண் 4இலிருந்து 7.

உதவிக்கு வருகிறவர்களையும் தேதி பார்த்துக் கூப்பிடுங்கள். கீமோ அன்று வீடு நிறைய ஆள், ஸ்டீராய்டு தெம்பில் நாம்தான் அவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருப்போம். நாலாம் நாள் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது. "கீமோ அன்னிக்கு வேண்டாம் அத்தை, மூணாம் நாள் வாங்க, ஆறாம் நாள்வரை இருங்க" என்று சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்ட ஒருத்தர் வராததும் ஓய்வுதான்.

வேலைக்குப் போகிறவர்கள் முழு லீவா, பாதி வேலையா என்று கேட்கிறார்கள். மூன்று வாரச் சுழற்சி என்றால் மூன்றாம் வாரம் மட்டும் போவது பலருக்கு ஒத்துவருகிறது. சம்பளமும் கொஞ்சம் வரும், ஆள் முகம் பார்த்த மாதிரியும் இருக்கும். வாராந்திர மருந்தில் அது கஷ்டம். இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் ஒன்றை விடாதீர்கள்: தொடர்ந்து இரண்டு ஆண்டு வேலையில் இருந்து சந்தாவும் கட்டியிருந்தால், புற்றுநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவியாகக் கூலியில் 80 விழுக்காடு, அதிகபட்சம் இரண்டு ஆண்டுவரை கிடைக்கும். எனக்கு இ.எஸ்.ஐ. இல்லை. பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லா லீவுதான், பெயர் சொல்ல விருப்பமில்லை. டியூஷன் பிள்ளைகள் நாலு பேரை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டேன்.

பிரித்துக் கொடுக்கும் வேலை காற்றில் போவதில்லை, இன்னொருத்தர் முதுகில் ஏறுகிறது. பெரும்பாலும் பத்தாவது படிக்கிற மகளின் முதுகில். வீட்டு ஆண்களைக் குக்கர் வைக்கவும் துணி உலர்த்தவும் பழக்குவது கீமோவைவிடச் சிரமம் என்பார்கள். என் வீட்டில் இரண்டு வாரம் பிடித்தது.

மனசு அசதி என்றால்?

சோர்வோடு எதிலும் ஈடுபாடு இல்லாமை, காரணமில்லாத அழுகை, "இனி எதுக்கு" என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் நடையும் இரும்பும் மட்டும் போதாது. அடையாறு புற்றுநோய் மையம் போன்ற பெரிய இடங்களில் இதற்கென உளவியல் பிரிவு உண்டு. பக்கத்தில் வசதி இல்லாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

வழி 6: கீமோவைத் தள்ளுவது, டோஸைக் குறைப்பது

"ஒரு வாரம் விட்டுப் போட்டுக்கலாமா?" என்று கேட்காத ஆளே கிடையாது. கேட்பதில் தவறில்லை. போகாமல் இருந்துவிடுவதுதான் தவறு. கல்யாணம், கோயில் கொடை என்று சொல்லாமல் தள்ளியவர்கள் உண்டு.

இங்கே முடிவு நோயின் கட்டத்தைப் பொறுத்தே மாறும். அறுவைக்கு முன்போ பின்போ, நோயை ஒழித்துக்கட்டும் நோக்கத்தோடு போடுகிற கீமோ என்றால் டோஸுக்கு மதிப்பு அதிகம். இத்தாலியில் மிலான் நகரத்து போனடோனா குழு 20 ஆண்டு தொடர்ந்து பார்த்து 1995இல் வெளியிட்ட முடிவில், திட்டமிட்ட டோஸில் 85 விழுக்காடாவது வாங்கியவர்களுக்குத்தான் நல்ல பலன் தெரிந்தது. அது பழைய மருந்துக் கூட்டு. ஆனாலும் அந்த 85 என்ற எண் இன்றுவரை டாக்டர்கள் மனதில் இருக்கிறது. அதனால்தான் சோர்வுக்காக மட்டும் குறைக்கத் தயங்குகிறார்கள். வெள்ளையணு ஏறாததால் ஒரு வாரம் தள்ளுவது வேறு கதை. அவர்களே தள்ளுவார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம்.

வேறு உறுப்புகளுக்குப் பரவிய நோய் என்றால் கணக்கே வேறு. அங்கே நாட்களின் தரமும் சிகிச்சையின் நோக்கம்தான். டோஸைக் குறைப்பது, இடைவெளி விடுவது, மருந்தையே மாற்றுவது எல்லாம் முறையான வழிகள். அவர்கள் இதைக் கடைசியில் வைக்காமல் முதலிலேயே பேசலாம். கீமோ எந்த நோக்கத்தில் என்று தெரியாமலே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டார் மறைத்திருப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இந்த வழியை எடைபோட முடியாது.

பன்னிரண்டு பாக்லிடாக்சலில் ஒன்பதாவது வாரம் நானும் கேட்டேன். மதிப்பெண் 8, நாலு நாளாக இறங்கவேயில்லை. டாக்டர் ஹீமோகுளோபினைப் பார்த்தார், 10.1. தைராய்டு சரி. நோட்டை வாங்கிப் பின்னால் புரட்டி, 8 ஆரம்பித்த தேதியைக் கேட்டார். கால் மரத்துப் போகிறது என்று ராத்திரி மாத்திரையை இரட்டிப்பாக்கிய மறுநாள். எனக்கு அது தோன்றவே இல்லை. அதைப் பழைய அளவுக்கே இறக்கினார், கீமோவை அன்றே போட்டார். அடுத்த வாரம் 5. பன்னிரண்டாவது முடியும்வரை அந்த ஐந்துக்குக் கீழே போகவில்லை, ஆனால் மாடிக்கு ஏறி நடக்க முடிந்தது.